கட்டத் துண்டு விற்றது குற்றமா?

கேள்வி: காட்பாடியில் கல்லூரிப் பிள்ளைகளை நம்பி ஒரு சின்ன ரெடிமேட் கடை வைத்திருக்கிறேன். வயது 29. அப்பா குடியாத்தத்தில் கைலி நெய்தவர். போன மாதம் பெங்களூரு சிக்பேட்டையில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட ஸ்கார்ஃப் 60 எடுத்து வந்தேன். பைக்கில் போகிற பிள்ளைகள் கழுத்தில் சுற்றிக்கொள்வார்கள் என்பதைத் தவிர வேறொன்றும் நினைக்கவில்லை. பொம்மைக்குக் கட்டிப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டேன். மூன்றாம் நாள் 'தீவிரவாதத் துணி விற்கும் கடை' என்று கடைப் பெயரோடு வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிட்டது. நான்கு பேர் வந்து, டைப் அடித்த மன்னிப்புக் கடிதம் ஒன்றைக் கொடுத்து, 'உன் மேல கேஸ் போடுவோம்' என்று மிரட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். 'எடுக்கலேன்னா கடை எரியும்' என்று ஒரு நம்பரிலிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. பயந்துபோய் 41 துண்டுகளை மூட்டை கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். மறுநாளே, வழக்கமாக வரும் பிள்ளைகள் சிலர், 'அசிங்கம்னு நெனச்சு எடுத்துட்டீங்களா அண்ணா?' என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அப்புறம் அவர்கள் வருவதில்லை. கடையைக் காலி செய்யச் சொல்லிவிடுவேன் என்கிறார் கட்டட உரிமையாளர். தங்கை அதைப் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போனாள், வாசலிலேயே கழற்றச் சொல்லிவிட்டார்கள். நான் செய்தது குற்றமா? அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடலாமா? மிச்சத்தை விற்கலாமா? 'ஒரு கட்டத்துல அப்படி என்னடா இருக்கு?' என்று அப்பா கேட்கிறார். எனக்கும் பதில் தெரியவில்லை. (பெயர் வெளியிட வேண்டாம்.)

பதில்:

தம்பி, முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், இன்று ராத்திரியாவது தூங்குங்கள். நீங்கள் செய்தது குற்றம் இல்லை. இந்தத் துண்டை விற்கக் கூடாது என்றோ, கழுத்தில் போடக் கூடாது என்றோ இந்த நாட்டில் எந்தச் சட்டமும் கிடையாது. அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு மீதியை நிதானமாகப் படியுங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில் மீன்வலை பின்னினாற்போல் கறுப்புக் கண்ணிகள். ஓரத்தில் தடிமனான பட்டைக் கோடுகள், அதை ஒட்டி இலை இலையாக ஒரு வரிசை, முனையில் குஞ்சம். அப்பா கட்டம் என்று சொல்வது கைலிக் கட்டத்தை. பாவும் ஊடையும் நிறம் மாறி ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகிற இடத்தில் தானாக விழுகிற கட்டம் அது. குடியாத்தத்துத் தறிகளில் எத்தனையோ ஆண்டுகளாக அது விழுந்துகொண்டிருக்கிறது, யாருக்கும் கோபம் வந்ததில்லை. உங்கள் மூட்டையில் இருப்பது வேறு. அது பாலஸ்தீனத்தின் கெஃபியா. அப்பாவின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்தத் துணி முதலில் குடியானவன் துணி. வெயிலுக்கும் புழுதிக்கும் தலையில் போட்டுக்கொண்டது. நம் ஊர்க் கழனியில் தலைக்கட்டு கட்டுவதைப் போலத்தான். பட்டணத்து ஆண்கள் அதைத் தொடமாட்டார்கள், அவர்களுக்குச் சிவப்புத் துருக்கித் தொப்பிதான் கௌரவம். 1936 முதல் 1939 வரை பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து அங்கே பெரிய கிளர்ச்சி நடந்தது. கிராமத்திலிருந்து இறங்கி வந்த கிளர்ச்சிக்காரர்களைத் தலைத்துணியை வைத்தே சிப்பாய்கள் அடையாளம் கண்டுபிடித்தார்கள். 1938-இல் கிளர்ச்சித் தலைவர்கள் ஓர் உத்தரவு போட்டார்கள்: பட்டணத்து ஆண்களும் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கெஃபியா கட்ட வேண்டும். எல்லோர் தலையிலும் ஒரே துணி என்றால் சிப்பாய் யாரைப் பிடிப்பான்? அன்றைக்கு அந்தத் துணிக்கு அரசியல் வந்து சேர்ந்தது. விருப்பப்பட்டுக் கட்டியவர்களும் உண்டு, உத்தரவுக்குப் பயந்து கட்டியவர்களும் உண்டு. இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் நம் வேலூருக்கு வரும்போது தேவைப்படும்.

1960-களுக்குப் பிறகு பாலஸ்தீனத் தலைவர் யாசர் அராபத் தலையில் அது உலகம் முழுவதும் போனது. 1983-இல் டெல்லியில் நடந்த அணிசேரா நாடுகள் மாநாட்டுக்கு அவர் வந்திருந்தார்; நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்த முகமும் அந்தத் துணியும் நினைவிருக்கும். பாலஸ்தீன விடுதலை இயக்கத்தை இந்தியா 1974-இலேயே அங்கீகரித்தது, பாலஸ்தீன அரசை 1988-இல் அங்கீகரித்தது. 1992-இல் இஸ்ரேலோடும் முழுத் தூதரக உறவு வைத்துக்கொண்டது. டெல்லியில் இரண்டு பேருக்கும் தூதரகம் இருக்கிறது. ஆகவே இந்தத் துணியைப் போட்டவன் நாட்டுக்கு விரோதி என்று சொல்கிறவர்களுக்கு இந்த நாட்டின் வெளியுறவு வரலாறே பதில் சொல்லும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்த இயக்கத்தின் பெயரால் விமானங்கள் கடத்தப்பட்ட காலம் ஒன்று இருந்தது. 1969-இல் விமானம் கடத்திய லைலா காலித் இந்தத் துணியோடு எடுத்துக்கொண்ட படம் உலகம் முழுக்கச் சுவரொட்டியானது. தாக்குதல்களில் வீட்டு மனிதர்களைப் பறிகொடுத்த குடும்பம் ஒன்று இந்தத் துணியைப் பார்த்தால் வயிறு கலங்கத்தான் செய்யும். அதேபோல, இதைத் தாத்தாவின் தலையில் பார்த்து வளர்ந்த ஒரு பிள்ளைக்கு இது தொலைந்துபோன வீடு, தொலைந்துபோன ஒலிவத் தோப்பு. இரண்டு கலக்கமும் உண்மை. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை இல்லை என்று அடிக்க முடியாது.

நீங்கள் ஏதோ தனியாக மாட்டிக்கொண்டதாக நினைக்க வேண்டாம். பெரிய பெரிய கம்பெனிகளே இதே இடத்தில் இடறி விழுந்திருக்கின்றன. 2007-இல் அமெரிக்காவில் ஒரு துணிக்கடைத் தொடர், அர்பன் அவுட்ஃபிட்டர்ஸ் என்று பெயர், இந்தத் துண்டைப் 'போர் எதிர்ப்பு ஸ்கார்ஃப்' என்று புதுப் பெயர் வைத்து விற்றது. எதிர்ப்பு வந்ததும் எடுத்துவிட்டது. அடுத்த ஆண்டு, 2008 மே மாதம், டங்கின் டோனட்ஸ் கம்பெனியின் ஐஸ் காபி விளம்பரத்தில் ரேச்சல் ரே என்ற சமையல் நிகழ்ச்சிக்காரர் கழுத்தில் கறுப்பு வெள்ளைத் துண்டு ஒன்றோடு சிரித்துக்கொண்டு நின்றார். மிஷேல் மால்கின் என்ற வலதுசாரி எழுத்தாளர், இது கெஃபியா, பயங்கரவாதத்தை ஃபேஷன் ஆக்குகிறார்கள் என்று எழுதினார். கம்பெனி விளக்கம் சொன்னது: அது பட்டுத் துண்டு, அதில் இருப்பது மாங்காய் டிசைன், படப்பிடிப்புக்கு ஸ்டைலிஸ்ட் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது, எந்தக் குறியீடும் மனதில் இல்லை. சொல்லிவிட்டு விளம்பரத்தையும் எடுத்துவிட்டது.

மாங்காய் டிசைன், தம்பி. ஆரணிப் பட்டுக் கடைக்குப் போனால் பத்தில் நாலு புடவையில் மாங்காய்தான் ஓடும். அதைப் பார்த்துத்தான் பயங்கரவாதம் என்றார்கள். கம்பெனி எடுத்ததும் பிரச்சினை முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. ஒரு தலைத்துணியையே பயங்கரவாதத்துக்கு அடையாளம் என்று ஒத்துக்கொண்டுவிட்டீர்களே என்று மறுபக்கம் கேட்டது. உங்கள் கடையில் நடந்ததும் இதுதான். பொம்மையிலிருந்து துண்டை எடுத்த அன்று நான்கு பேர் போனார்கள், மறுநாள் வேறு நான்கு பேர் வருத்தப்பட்டார்கள். பயத்தில் ஒன்றை எடுக்கும்போது, எடுப்பதும் ஒரு பேச்சாகிவிடுகிறது.

இனி அந்தக் கடிதத்துக்கு வருகிறேன். 'இது தீவிரவாதிகளின் அடையாளம் என்று தெரியாமல் விற்றுவிட்டேன், இதனால் மக்கள் மனம் புண்பட்டதற்கு நானே பொறுப்பு' என்று அதில் எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். இருபத்து மூன்று ஆண்டுகளாகச் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்துக்குப் போய் வருகிறேன். யாரோ எழுதி நீட்டிய தாளில் 'தொல்லை விட்டது' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்தத் தாளோடு அழுதுகொண்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கிற ஒப்புதல் வாக்குமூலத்தை உங்களுக்கு எதிராக நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது. ஆனால் வெளியாள் ஒருவருக்கு நீங்களே எழுதிக் கொடுத்ததைச் சான்றாகக் கொண்டுவர முடியும். செய்யாத குற்றத்துக்குச் சான்றை நீங்களே தயாரித்துக் கொடுக்கிறீர்கள். அதோடு, நேற்று வரை உங்களை அண்ணா என்று கூப்பிட்ட பிள்ளைகளின் துணியைத் தீவிரவாதம் என்று உங்கள் கையெழுத்தாலேயே சொல்கிறீர்கள். முதல் காரணம் வக்கீலாகச் சொல்வது. இரண்டாவது, உங்கள் அக்கா வயதில் இருக்கிறவளாகச் சொல்வது. எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது.

அதற்காக, 'இது வெறும் டிசைன்தான், இதுல ஒண்ணும் இல்ல' என்று ஒரு விளக்கம் எழுதி ஒட்டவும் வேண்டாம். உங்கள் நண்பர் அப்படி யோசனை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வாங்கும்போது உங்களுக்குத் தெரியாது, சரி. இப்போது தெரியும். தெரிந்த பிறகு தெரியாதது போல் பேசினால் அதைப் போடுகிறவர்களுக்கும் அது அவமானம், எதிர்க்கிறவர்களும் நம்பமாட்டார்கள். அமெரிக்கக் கடை 'போர் எதிர்ப்பு' என்று பெயரை மாற்றி வைத்ததில் யாருக்கு என்ன நன்மை வந்தது? பொருளுக்கு அதன் பெயர் இருக்கட்டும்.

துணியில் அரசியல் இருப்பதைக் கேட்டுத் தமிழ்நாட்டுக்காரர்கள் ஏன் இவ்வளவு அதிர்ச்சி அடைகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. நம்மைப் போல் தோளிலும் இடுப்பிலும் அரசியலை உடுத்துகிற ஊர் வேறு எது? தோளில் துண்டு போடக் கூடாது, இடுப்பில்தான் கட்ட வேண்டும், ஆண்டையைக் கண்டால் அக்குளில் இடுக்கிக்கொள்ள வேண்டும் என்று ஒரு பாதி சமூகத்தை நிறுத்தி வைத்திருந்த ஊர் இது. அந்தத் துண்டு தோளுக்கு ஏறியதே ஒரு போராட்டம். பெரியார் தொண்டர்களின் கறுப்புச் சட்டையைப் பிடிக்காமல் 1946-இல் மதுரைக் கருப்புச் சட்டை மாநாட்டுப் பந்தலையே எரித்தார்கள். நாராயணசாமி நாயுடு காலத்திலிருந்து விவசாயிகள் சங்கம் என்றால் பச்சைத் துண்டு. கலைஞரின் மஞ்சள் துண்டைப் பற்றி எத்தனை ஆண்டுகள் பேசித் தீர்த்திருப்போம்! எம்.ஜி.ஆர். என்றால் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும்.

எல்லாவற்றையும் விடுங்கள், கரை வேட்டியைப் பாருங்கள். வேலூரில் எந்த ஜவுளிக் கடையில் வேண்டுமானாலும் ஏறிக் கேளுங்கள். கறுப்பு சிவப்புக் கரை, நடுவில் வெள்ளை ஓடுகிற கரை, மஞ்சள் சேர்ந்த கரை, நீலம் சேர்ந்த கரை, எல்லாம் ஒரே அலமாரியில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். பொதுக்கூட்ட மேடையில் முகம் பார்க்காதவர்களின் வேட்டிகள் அங்கே மடிப்புக் கலையாமல் உரசிக்கொண்டு கிடக்கும். கடைக்காரர் எந்தக் கட்சி என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் சிரிப்பார்கள். விற்பவனுக்கும் உடுத்துபவனுக்கும் உள்ள இந்த வித்தியாசம் நம் சனங்களுக்கு ரத்தத்திலேயே தெரியும். உங்கள் கடைக்கு மட்டும் அதை மறந்துவிட்டார்கள். அந்த நான்கு பேர் மறுபடி வந்தால் இதைச் சொல்லுங்கள்: 'அண்ணே, நான் கரை வேட்டி விக்கிற கடைக்காரன் மாதிரி. உங்களுக்குப் பிடிச்ச துண்டு எதுன்னு சொல்லுங்க, அதையும் எடுத்து வெக்கிறேன்.' சண்டைக் குரலில் வேண்டாம், சாதாரணமாகச் சொல்லுங்கள்.

2024 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்குப் பிரியங்கா காந்தி 'பாலஸ்தீன்' என்று எழுதிய பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாரே, பார்த்திருப்பீர்கள். பாலஸ்தீன ஆதரவுக்கு அடையாளமாகிவிட்ட தர்பூசணிப் படமும் போட்டிருந்தது. கடுமையான விமர்சனம் வந்தது. மறுநாள் வங்கதேசத்துச் சிறுபான்மையினருக்காக இன்னொரு பையோடு வந்தார். சில நாளில் பா.ஜ.க. எம்.பி. அபராஜிதா சாரங்கி '1984' என்று எழுதிய பை ஒன்றை அவர் கையிலேயே கொடுத்தார், சீக்கியர் படுகொலையை நினைவூட்ட. எனக்கு அந்த மூன்றாவது பை பிடித்திருந்தது. முதல் பையும் பிடித்திருந்தது. யாரும் யாருடைய பையையும் பிடுங்கவில்லை, யாரும் யாரையும் தாளில் கையெழுத்துப் போடச் சொல்லவில்லை. பைக்குப் பை பதில் சொல்லியது.

அப்படியானால் எல்லா அடையாளமும் ஒன்றுதானா, எதையும் போட்டுக்கொண்டு திரியலாமா என்று கேட்டால், இல்லை. தென்மாவட்டப் பள்ளிகளில் பிள்ளைகள் மணிக்கட்டில் கட்டிக்கொள்கிற சாதிக் கயிறை நினைத்துப் பாருங்கள். 2023-இல் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள்; அதற்குப் பிறகு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், வண்ணக் கயிறு, மோதிரம் இவற்றைப் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. அதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். அந்தக் கயிறு யார் பக்கத்தில் உட்காரலாம், யாரை அடிக்கலாம் என்று வகுப்பறைக்குள்ளேயே பிள்ளைகளைப் பிரிக்கிறது. எதிரில் இருப்பவனைத் தாழ்த்துவதுதான் அதன் வேலையே. உங்கள் கடைத் துண்டு காட்பாடியில் யாரையும் அப்படிப் பிரிக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 'உன் மேல கேஸ் போடுவோம்' என்று மிரட்டினார்களே, அவர்கள் மனதில் இருப்பது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-ஆம் பிரிவாக இருக்கும், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 153ஏ. இரண்டு பிரிவினருக்கிடையே பகையை வளர்ப்பது. அதற்கு அந்த நோக்கம் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது. பொம்மைக்குக் கட்டிய துண்டில் அந்த நோக்கத்தை எவரும் காட்ட முடியாது. 2025 மார்ச் 28 அன்று இம்ரான் பிரதாப்கடி வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது. ஒரு கவிதைக்காக அந்த எம்.பி. மீது குஜராத்தில் போட்ட வழக்கை ரத்து செய்த தீர்ப்பு அது. ஒரு பேச்சு பகையைத் தூண்டுகிறதா என்பதை மன உறுதியும் பகுத்தறிவும் உள்ள மனிதரின் அளவுகோலால் பார்க்க வேண்டும், எதைக் கண்டாலும் மிரள்கிறவரின் அளவுகோலால் அல்ல என்றார்கள். இப்படிப்பட்ட புகாரில் உடனே எஃப்.ஐ.ஆர். போடாமல், மேலதிகாரி அனுமதியோடு 14 நாளில் முதற்கட்ட விசாரணை செய்ய, புதிய குற்ற நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173(3) இடம் தருகிறது என்பதையும் அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொல்கிறது. ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டால் இந்தத் தீர்ப்பின் பெயரைச் சொல்லுங்கள்.

இன்னொரு தீர்ப்பு நம் தமிழ்நாட்டிலிருந்தே போனது. 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்துக்கு எதிர்ப்புக் கிளம்பி, சென்னை உயர் நீதிமன்றம் அதன் சான்றிதழை ரத்து செய்தபோது, 1989-இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்தது. ஆர்ப்பாட்டம் நடக்கும், வன்முறை வரும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையை அடக்கினால், சட்டத்தின் ஆட்சியை மிரட்டலிடம் ஒப்படைத்ததாகிவிடும், பாதுகாப்புக் கொடுப்பது அரசின் கடமை என்றது. 'வீண் வம்பு எதுக்கு, எடுத்துடு' என்று போலீஸ்காரரே சொன்னால், மரியாதையாக இதை நினைவூட்டலாம்.

குற்றம் நடந்திருக்கிறது, ஆனால் செய்தது நீங்கள் இல்லை. 'கடை எரியும்' என்ற அந்தக் குரல் செய்தி நியாய சன்ஹிதா 351(3)-இல் வரும். தீ வைத்துச் சொத்தை அழிப்பதாக மிரட்டினால் ஏழு ஆண்டு வரை தண்டனை. அந்தச் செய்தியை அழித்துவிடாதீர்கள். வேறு போனுக்கு அனுப்பிவிட்டு இதை அழிக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். மின்னணுச் சான்றுக்குப் புதிய சாட்சியச் சட்டமான சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வைக்க வேண்டும், அதற்கு மூலச் செய்தி இருக்கிற போன் கையில் இருந்தால்தான் நல்லது. எழுத்தில் புகார் கொடுத்து, புகாரை வாங்கிக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தருகிற சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். ரசீது தராமல் இழுத்தடித்தால் அதே புகாரை மாவட்டக் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு எனக்கு எழுதுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் 15100-க்குப் போன் செய்யுங்கள், சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழி சொல்வார்கள்.

கட்டட உரிமையாளர் வாய்மொழியாகக் காலி செய்யச் சொல்லி நீங்கள் காலி செய்ய வேண்டியதில்லை. வாடகைச் சட்டத்தில் காலி செய்ய வைப்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன, துண்டு விற்றது அதில் இல்லை. ஆனால் அவரும் பயந்திருக்கிறார். புகார் ரசீதை அவரிடம் காட்டுங்கள், பாதிப் பயம் போய்விடும். தங்கை விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். கல்லூரிக்கு உடை விதி போட உரிமை உண்டு. கர்நாடக ஹிஜாப் வழக்கில் 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் இரண்டு விதமாகத் தீர்ப்பு எழுதியதால், அந்தப் பெரிய கேள்விக்கு முடிவான விடை கிடைக்கவில்லை. எல்லா ஸ்கார்ஃபுக்கும் தடை என்றால் தங்கை கட்டுப்படட்டும். இது ஒன்றுக்கு மட்டும் தடை என்றால், எந்த விதியின்படி என்று முதல்வரிடம் எழுத்தில் கேட்கட்டும். வாசலில் வாதாட வேண்டாம், வாசலில் நிற்கிறவர் விதி போடுகிறவர் இல்லை.

வேலூருக்கு வருகிறேன் என்றேன் அல்லவா. மக்கான் பக்கம் போகும்போது சிப்பாய்ப் புரட்சி நினைவுத்தூணைப் பார்த்திருப்பீர்கள். 1806 ஜூலை 10 அதிகாலையில் நம் கோட்டைக்குள் நடந்த அந்த எழுச்சிக்குப் பல காரணம் சொல்வார்கள். கோட்டையிலேயே வைக்கப்பட்டிருந்த திப்பு குடும்பமும் அதில் ஒன்று. ஆனால் பொறி விழுந்தது ஒரு தலைப்பாகையில். தளபதி ஜான் கிரடாக் காலத்தில் சிப்பாய்களுக்குப் புதுத் தலைப்பாகை கொடுத்தார்கள், அக்னியூ என்ற அதிகாரி வடிவமைத்தது. பார்ப்பதற்கு ஐரோப்பியத் தொப்பி மாதிரி, முன்னால் தோலில் ஒரு இலச்சினை. நெற்றியில் சமயக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது என்று கூடவே உத்தரவு. என்ன தோலோ, மாட்டுத் தோலோ பன்றித் தோலோ என்று இந்துவும் முஸ்லிமும் சேர்ந்து கலங்கினார்கள். அந்த மே மாதமே போடமாட்டோம் என்று மறுத்தவர்களைச் சென்னைக்கு அனுப்பி விசாரித்து, ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் தலா 900 கசையடி கொடுத்தார்கள். ஒரு தலைப்பாகைக்காக!

அதிகாரிகளின் நினைப்பு என்ன? இது வெறும் தொப்பி, அழகாக இருக்கிறது, ஒழுங்காக இருக்கிறது, இதில் என்ன இருக்கிறது என்பதுதான். இரண்டே மாதத்தில் கோட்டைக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளைக்காரர்கள் செத்தார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி என்ற பிரிட்டிஷ் அதிகாரி குதிரைப்படையோடு வந்து சேர்ந்த பிறகு சிப்பாய்களை நூறு நூறாகக் கொன்றார்கள், சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். பின்னால் அந்த உத்தரவு வாபஸ் ஆனது. கிரடாக்கையும் ஆளுநர் பெண்டிங்கையும் லண்டனுக்குத் திருப்பி அழைத்தார்கள்.

இந்தக் கதையை வேறு மாதிரியும் எடுத்துக்கொள்ளலாம்: பார்த்தாயா, துணியில் விளையாடினால் ரத்த ஆறு ஓடும், அதனால் எடுத்துவிடு என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோட்டையில் சண்டை தலைப்பாகையோடு இல்லை. போட்டே ஆக வேண்டும் என்ற கட்டளையோடும் அந்த 900 அடியோடும். தலைப்பாகையைக் கடையில் வைத்து, வேண்டியவன் வாங்கிக்கொள் என்று சொல்லியிருந்தால் ஒருவரும் வாங்கியிருக்கமாட்டார்கள், ஒருவரும் செத்திருக்கவும் மாட்டார்கள். 1938-இல் பாலஸ்தீனப் பட்டணத்தில், 'கெஃபியாவைக் கட்டு' என்று பயமுறுத்தப்பட்ட தொப்பிக்காரருக்கும் இதே வலிதான். இன்றைக்குக் காட்பாடியில் நான்கு பேர், 'கழற்று, கையெழுத்துப் போடு' என்கிறார்கள். போடச் சொன்னாலும் கழற்றச் சொன்னாலும் நீட்டிய கை ஒன்றே. உங்கள் பொம்மை யாரையும் எதையும் கட்டச் சொல்லவில்லை, தம்பி.

இனி மிச்சம் 41 துண்டு. விற்கலாமா என்றால் சட்டப்படி விற்கலாம். விற்க வேண்டுமா என்பதை நான் சொல்லமாட்டேன், கடன் வாங்கிக் கடை போட்டவர் நீங்கள், வீட்டில் படிக்கிற தங்கை இருக்கிறாள். புகார் கொடுத்து நிலைமை கொஞ்சம் ஆறும் வரை மூட்டை அங்கேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தால் அது கோழைத்தனம் இல்லை. அப்போது அந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லுங்கள்: 'அசிங்கம்னு எடுக்கலப்பா, மிரட்டினாங்க, பயந்துட்டேன், புகார் கொடுத்திருக்கேன்.' இந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவர்கள் காத்திருக்கிறார்கள். மறுபடி அடுக்குவதாக முடிவு செய்தால், 'கெஃபியா, பாலஸ்தீனத் துண்டு' என்று பெயர் எழுதி அடுக்குங்கள். கூடவே குடியாத்தத்து கைலிக் கட்டத்திலும் சில துண்டுகள் வாங்கி வையுங்கள், இரண்டும் எப்படி வேறு என்று கேட்கிற பிள்ளைகளுக்குத் தொட்டுக் காட்டலாம்.

எப்படி முடிவு செய்தாலும் துண்டுகளை எரிக்கவோ யாருக்காவது தூக்கிக் கொடுக்கவோ வேண்டாம். சிக்பேட்டை பில்லோடு ஒரு துண்டை மட்டும் தனியாக ஒரு கவரில் போட்டு, தேதி எழுதி வையுங்கள். அவர்கள் கொடுத்த அந்தத் தாள் இன்னும் உங்களிடம் இருந்தால், மடிக்காமல் அதையும் அதே கவரில் வையுங்கள்.